நான்கு இடது இறக்கைகள்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் மடிப்பு என்று பெயர். சலவைக் கடைக்காரர். அவர் தேய்த்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தாலும் மடிப்பு மட்டும் நேராக நிற்கும் என்பார்கள். எனக்கு அவர் மாப்பிள்ளை. அதற்கு முன்பே எங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அதனால் அவரை அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து தெரியும்.

அந்த வீட்டு ஆண்களுக்கு ஒரு குணம் உண்டு. கை வேலை செய்யும், வாய் வேலை செய்யாது. அவருடைய அப்பா சாப்பாடு பிடித்திருந்தால் தட்டை இன்னொரு முறை நீட்டுவார். பாராட்டு அவ்வளவுதான். பெரியப்பா அதற்கும் ஒரு படி மேல். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, அந்த வீட்டுக் கதவில் கழன்றிருந்த தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தவர். பிடித்திருக்கிறது என்று அவர்களாகவே புரிந்துகொண்டார்கள். இந்த வம்சத்தில் போய் விழுந்தாள் எங்கள் வீட்டு வாயாடி.

கடையில் முன்பக்கம் கவுன்டர், அங்கே அவள். பின்பக்கம் தேய்க்கும் மேசை, அங்கே அவர். நடுவில் கம்பியில் வரிசையாகத் தொங்கும் துணிகள், பிளாஸ்டிக் உறை போட்டு. துணிகளின் இந்தப் பக்கமிருந்து அவள் பேசுவாள், அந்தப் பக்கமிருந்து இஸ்திரிப் பெட்டியின் ஆவி வரும். அதுதான் பதில். இப்படியே ஒரு மகளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

கடை விடுமுறை நாளில் இருவரும் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளிக்குப் போவார்கள். அங்கே சில பேர் ரேடியோவில் இயங்கும் சின்ன விமானங்களைக் கொண்டுவந்து பறக்கவிடுவார்கள். ஃபிளாஸ்கில் டீ, ஒரு பழைய போர்வை, அதன்மேல் இவர்கள். அவளுக்குப் பிடித்தது மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த விமானம். "மாடி வெச்ச பிளேன்" என்பாள். அது வானத்தில் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள். அவர் விமானத்தைப் பார்க்க மாட்டார், அவள் பேச்சை நிறுத்தியதைப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானே கண்டிருக்கிறேன்.

மகளுக்கு வெளிநாட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. மருமகனுக்குக் கப்பலில் வேலை, பாதி நாள் கடலில். தங்கை கிளம்ப வேண்டியதாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து தேய்க்கும் மேசைமேல் வைத்தாள். உள்ளே இரண்டடுக்கு இறக்கை விமானம், செய்து சேர்க்க வேண்டிய துண்டு துண்டாக.

"நீங்க இதை முடிக்கிறதுக்குள்ள நான் வந்துடுவேன். சேர்ந்து போய்ப் பறக்க விடலாம்" என்றாள்.

"ம்" என்றார்.

வாசலில் நான் அவளிடம் சொன்னேன்: "அம்மா வெளியே போறப்போ பிள்ளை கையில பொம்மையைக் கொடுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"அழக்கூடாது இல்ல?" என்றாள். சொன்னவள் கண்தான் கலங்கியிருந்தது.

அவள் போன அன்றே பெட்டியைப் பிரித்துவிட்டார். உள்ளே பால்சா மரம். மரம் என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். ஒரு பலகையை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்தாரா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"மச்சான், பெட்டிதான் கனம். உள்ள இருக்கறதுக்குக் கனமே இல்ல."

"அவ பேச்சு மாதிரின்னு சொல்லுங்க."

"அவ பேச்சு கனம்தான்" என்றார். முதலில் சொன்னதையும் சேர்த்தால் அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது.

கூடவே வந்த வரைபடத்தில் இறக்கை நிஜ அளவிலேயே வரைந்திருந்தது. தேய்க்கும் மேசைமேல் குண்டூசி இறங்குகிற மாதிரி ஒரு மெத்துப் பலகையைப் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்கக் கோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையைப் பரப்பிக்கொண்டார். புதுச் சட்டைகளிலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்த குண்டூசி ஒரு டப்பா நிறைய இருந்தது. முதலில் நீளக் கட்டையைக் கோட்டின்மேல் படுக்கவைத்து இரண்டு பக்கமும் ஊசி குத்துவார். அதன்மேல் குறுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார். எல்லாம் ஒரே வடிவம்: மேல்பக்கம் மீன் முதுகு மாதிரி வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. பிறகு முன்விளிம்பு, பின்விளிம்பு. ஒரு சொட்டுப் பசைக்கு மேல் எங்கேயும் வைக்க மாட்டார். காய்ந்து ஊசியை எடுத்தால் சதை தின்று வைத்த மீன்முள் மாதிரி இருக்கும். ஊதினால் நகரும்.

சாயங்காலம் கடையைச் சாத்தியதும் கஞ்சி டப்பாவில் சாய்த்துவைத்த ஃபோனில் அவள் வருவாள். மடியில் ஒன்று, தோளில் ஒன்று.

"இது பின்பக்கக் கட்டை" என்பார் இவர்.

"பெரியவனுக்குப் பல்லு வருது" என்பாள் அவள்.

"பசை காயணும்."

"ராத்திரி பூரா சிணுங்கல்."

இதைப் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா? அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஃபோனை வைத்த பிறகும் அது அணைந்திருப்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பல் வந்தால் வருகிறேன் என்றாள். பல் வந்தது. மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்றாள். திரும்பினாள். அப்புறம் குளிர், பிள்ளைகளுக்கு இருமல். வருகிற தேதி தள்ளித் தள்ளிப் போய், பிறகு தேதி என்ற பேச்சே நின்றுவிட்டது. கவுன்டரில் அவள் உட்காரும் முக்காலியில் அவர் யாரையும் உட்காரவிடவில்லை. வாடிக்கையாளர் மணியடித்தால் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு இவரே ஓடிவருவார். பெயர் கேட்க மறந்துவிடுவார். துணி மாறிப்போகும். பல் வைத்தியரின் கோட்டு பாட்டு டீச்சர் வீட்டுக்கும், டீச்சரின் புடவை வைத்தியர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்து தெருவே ஒரு வாரம் சிரித்தது.

நான் கேட்டேன். "கூப்பிட வேண்டியதுதானே மாப்பிள்ளை?"

"கூப்பிட்டா வந்துடுவா."

"வரட்டுமே. அதுக்குத்தானே கூப்பிடறது?"

"அங்க நம்ம பொண்ணு பிள்ளைங்க ரெண்டையும் வெச்சுக்கிட்டுத் தனியா நிக்கும். என்னாலதான்னு ஆகும். அவளா வரட்டும், மச்சான். இதை முடிக்கிறதுக்குள்ள வர்றேன்னு சொல்லியிருக்கா. நான் முடிச்சுட்டா வந்துதானே ஆகணும்?"

அதுதான் அவர் போட்டிருந்த கணக்கு. அதனால்தான் அந்த அவசரம். சாப்பிடும்போதுகூட ஒரு கையில் உப்புத்தாள், தேய்த்துக்கொண்டே இருப்பார்.

தங்கைக்கு ஃபோன் போட்டு, "அவர் வாடிப்போயிருக்கார்" என்றேன்.

"அதை அவர் சொல்லட்டும்ணே. தினம் பேசறாரு. இறக்கை நல்லா வருதுங்கறாரு. ஒரு நாளாவது வான்னு சொன்னாரா? நான் இல்லாம அவருக்கு ஒண்ணும் குறையலைன்னுதானே நான் நெனச்சுக்கணும்?"

"அவங்க வம்சம் தெரியாதா உனக்கு?"

"வம்சத்தைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. ஒரு வார்த்தை கேட்டா தப்பா?"

தப்பில்லை. அவர் கூப்பிட்டால் வருவாள். வருவாள் என்பதாலேயே அவர் கூப்பிட மாட்டார்.

இறக்கை மொத்தம் நான்கு துண்டு. மேலே இடது, வலது. கீழே இடது, வலது. காகிதத்தை மிச்சம் பிடிக்க வரைபடத்தில் இடது பக்கத்தை மட்டும்தான் வரைந்திருந்தார்கள். வலது பக்கத்துக்கு என்ன செய்வது என்று ஓரத்தில் ஒரு வளைந்த அம்புக்குறி. எழுதியிருந்த பாஷை எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் அம்புக்குறியைப் பார்த்தார், வரைபடத்தை மேசையிலேயே அரை வட்டம் சுற்றிப் போட்டார். இறக்கை நுனி இப்போது வலது பக்கம் பார்த்தது. சரிதானே என்று வேலையை ஆரம்பித்துவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மரவேலை முடிந்ததும் மேலே ஒரு மெல்லிய ஃபிலிமைப் போர்த்தி இஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். இது அவருக்குக் கொண்டாட்டம். வேறு யாராக இருந்தாலும் நான்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் போர்த்துவார்கள். இவருக்குக் கை நிற்கவில்லை. ஒவ்வொரு துண்டு முடிந்த உடனே இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிவிடுவார். பட்டுக்கு வைக்கிற சூடு. நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக இழுப்பார். ஃபிலிம் சுருங்கி, மேளத்தோல் மாதிரி விறைத்து, விரலால் தட்டினால் டொப் என்று சத்தம் வரும். அவர் வாழ்க்கையில் மடிப்பே விழக்கூடாது என்று தேய்த்தது இவற்றை மட்டும்தான்.

இரண்டாவது துண்டை ஃபோனில் காட்டிய அன்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, நேத்துக் காட்டினதும் இந்தக் கைதானே?"

"அது இடது. இது வலது."

"எனக்கு ரெண்டும் ஒரே கை மாதிரி தெரியுது."

"ஃபோன் திருப்பிக் காட்டுது. உன் மூக்குத்திகூட இங்க அந்தப் பக்கம்தான் தெரியுது."

"என் மூக்குத்தி எந்தப் பக்கம்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் இறக்கையைக் கீழே வைத்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது.

நான்கும் முடிந்து, உடம்புப் பகுதியும் முடிந்த ஒரு விடுமுறை நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "இன்னிக்குச் சேர்த்துடலாம் மச்சான். சாயங்காலம் காட்டிடலாம்."

மேல் இடது போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்ததை எடுத்து வலது பக்கம் வைத்தார். நுனி சரியாக வெளியே பார்த்தது. ஆனால் முன்விளிம்பு பின்னால் போய்விட்டது.

"திருப்பிப் போடுங்க" என்றேன்.

திருப்பினார். முன்விளிம்பு முன்னால் வந்தது, தட்டையான அடிவயிறு மேலே வந்துவிட்டது.

"இந்தப் பக்கமா."

"அந்தப் பக்கம் போனா நுனி உள்ள வருது."

கைக்குழந்தைக்குச் சட்டை போடுகிற மாதிரி அதைச் சுற்றினார், புரட்டினார், தலைகீழாக்கினார். வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். பிறகு நான்காவதை. நான்கையும் மேசைமேல் வரிசையாகப் படுக்கவைத்தார். நான்கும் ஒரே திசையைப் பார்த்துக் கிடந்தன.

"நாலும் இடது" என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் இறக்கைக்காக அப்படி நிற்கவில்லை. முடித்துவிட்டேன் என்று சாயங்காலம் சொல்ல இருந்தாரே, அது போய்விட்டது.

சாயங்காலம் அவள் அடக்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த இரண்டும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தன.

"காகிதத்தைச் சுத்தியிருக்கீங்க, புரட்டலை."

"புரட்டினா பின்பக்கம் வெறும் வெள்ளையா இருக்கும்."

"எண்ணெய் தடவுங்க. எண்ணெய் பட்ட காகிதத்துல மறுபக்கத்துக் கோடு தெரியாதா? இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மரம் தீர்ந்துபோச்சு. இங்க எங்கயும் கிடைக்கல. நீ வரும்போது வாங்கிட்டு வா."

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வரும்போது என்று அவர் வாயில் அந்தச் சொல் வந்ததே அன்றுதான் முதல் தடவை.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "நான் வரும்போதா?"

"ம்."

"எப்ப வேணும்?"

சொல்லுங்கள் மாப்பிள்ளை, நாளைக்கே வேண்டும் என்று சொல்லுங்கள். மனசுக்குள் கத்தினேன்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த நாற்காலியோடு அவரைத் தூக்கித் தெருவில் போடலாம் போலிருந்தது. மறுநாள் தங்கையிடம் தனியாகப் பேசினேன். "ரெண்டாவது இறக்கையிலயே உனக்குத் தெரிஞ்சிருச்சே, அப்புறம் ஏன் விட்டே?"

"முடிச்சுட்டா முடிச்சாச்சுன்னு சொல்லுவாருண்ணே. நான் என்ன பதில் சொல்றது? இதுங்களை விட்டுட்டு இப்ப எப்படி வர்றது?"

சில வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. நீளப் பெட்டி. உள்ளே பால்சா பலகைகள். உடையாமலிருக்கச் சுற்றிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைத் திணித்திருந்தாள். பலகைகளை அவர் ஓரமாக வைத்துவிட்டார். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறினார். இஸ்திரிப் பெட்டியின் முனை மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்னக் கைகள், அவற்றைத் தேய்த்தார். கழுத்துப்பட்டையைத் தேய்த்தார். மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். கவுன்டரில் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள், மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஃபோனை எடுத்தார். அங்கே அப்போது விடிந்திருக்காது. சாயங்காலம் தவிர வேறு நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"என்னங்க, என்ன ஆச்சு?" அவள் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"மரம் வந்துச்சு."

"அதுக்கா இந்த நேரத்துல? அளவு சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு." நிறுத்தினார். அவ்வளவுதான், வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "மரம் வந்துச்சு. நீ வரல."

கவுன்டரில் நின்றவர்கள் மணியடிப்பதை நிறுத்திவிட்டார்கள். துணிகளுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்ன சொன்னீங்க?"

"நீ வரல. எப்ப வர்ற?"

"இப்ப முடியாதுங்க" என்றாள். "இதுங்க பள்ளிக்கூடம் போற வரைக்கும் முடியாது. பொண்ணைப் பார்த்தா பாவமா இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க?"

"ம்."

அங்கே ஒரு பிள்ளை சிணுங்கி, அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "தினம் கேளுங்க."

வலது இறக்கைகளை எண்ணெய்க் காகிதத்தில் சரியாகவே செய்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் தாங்குகிற குச்சிகளை நிறுத்தி இரண்டு அடுக்கையும் சேர்த்தார். விமானம் இப்போது தேய்க்கும் மேசைக்கு மேலே கூரையிலிருந்து தொங்குகிறது, கோட்டு உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு. கீழிருந்து ஆவி வந்தால் லேசாக ஆடும். ஒரு தடவை பறக்கவிட்டுத்தான் பாருங்களேன் என்று நான் கேட்பதில்லை.

தினமும் கேட்கிறார். கடை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அந்த நேரத்தில் யாரும் மணியடிப்பதில்லை. பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. போன வாரம் பல் வைத்தியர் கோட்டை நீட்டிக்கொண்டே விசாரித்தார்.

"இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"வர்றேன்னா."

"நேத்தும் அதைத்தானே சொன்னாங்க?"

"நேத்து கேட்டதுக்கு நேத்து சொன்னா" என்றார் மாப்பிள்ளை. "இதுக்குக் கஞ்சி போடணுமா, வேண்டாமா?"